நிற்கும் இடம் எது? இணையதள மெனுவில் நடப்புப் பக்கம் அடையாளம் பெற்ற வரலாறு

1993-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்திலிருந்து வெளிவந்த மொசைக் உலாவி, திறக்காத இணைப்பை நீலத்திலும் திறந்து பார்த்த இணைப்பை ஊதாவிலும் காட்டியது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்க 1996 டிசம்பரில் வந்த முதல் சிஎஸ்எஸ் தரம் இந்தப் பிரிவினையை அப்படியே ஏற்று, அழுத்தும் நொடியில் இருக்கும் இணைப்பு என்ற மூன்றாம் நிலையையும் சேர்த்தது. வாசகர் இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பதற்கு மட்டும் நிறம் ஒதுக்கப்படவில்லை. போய்வந்த இடங்களின் கணக்கை உலாவி வைத்துக்கொண்டது. நிற்கும் இடத்தைச் சொல்லும் வேலை தளம் செய்பவர் தலையில் விழுந்தது. அந்த வேலை அடுத்த முப்பது ஆண்டுகளில் யார் யார் கைக்கு மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இந்த விடுபடலை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. 1989-இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்தது ஆவணங்களின் வலை. ஓர் ஆவணத்தின் வரிகளுக்குள்ளிருந்து இன்னோர் ஆவணத்துக்கு இணைப்பு போகும். தன்னையே சுட்டும் இணைப்புக்கு அங்கே தேவை அரிது. எல்லாப் பக்கத்திலும் ஒரே வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் மெனு என்பது பின்னால் தளங்கள் பெருத்தபோது எழுந்த வழக்கம். அதற்கென ஒரு தனிக் குறி எச்டிஎம்எல்லில் இடம்பெற ஐந்தாம் பதிப்பு வரை, அதாவது 2014 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் கையாண்ட வழி எளியது: நடப்புப் பக்கத்தின் பெயரிலிருந்து இணைப்பை எடுத்துவிட்டு, எழுத்தைத் தடிமனாக்குவது. இன்றும் இது மோசமான வழியல்ல என்பது என் கருத்து. பக்கம் தன்னையே சுட்டக் கூடாது என்று பயன்பாட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சன் பலமுறை வலியுறுத்தியிருக்கிறார். சிக்கல் உழைப்பில் இருந்தது. ஐம்பது பக்கத் தளம் என்றால் மெனுவை ஐம்பது விதமாகக் கையால் திருத்த வேண்டும். புதிதாக ஒரு பிரிவு சேர்ந்தால் ஐம்பதையும் மறுபடி திறக்க வேண்டும்.

இந்த உழைப்பைக் குறைக்க வந்தது நெட்ஸ்கேப் 2.0 உலாவி அறிமுகப்படுத்திய ஃபிரேம். இடப்புறச் சட்டத்தில் மெனு ஒருமுறை ஏறிக்கொள்ளும்; வலப்புறத்தில் பக்கங்கள் மாறும். திருத்தும் வேலை ஒரே கோப்போடு முடிந்தது, ஆனால் பக்கத்துச் சட்டத்தில் என்ன ஓடுகிறது என்று மெனுவுக்குத் தெரியாமல் போயிற்று. முகவரிப் பட்டியும் அசையாமல் நின்றது. முகவரிக்கும் திரையில் தெரிவதற்கும் இருந்த தொடர்பை ஃபிரேம்கள் உடைக்கின்றன என்று நீல்சன் 1996 டிசம்பரில் கண்டித்து எழுதினார்.

அதே 1996-இல் வந்த நெட்ஸ்கேப் 3.0, பக்கத்தில் உள்ள படத்தை ஜாவாஸ்கிரிப்ட் வழியாக மாற்றும் வசதியைத் தந்தது. மெனுப் பொத்தான்கள் படங்களாயின. சாதாரண நிலைக்கு ஒன்று, சுட்டி மேலே வரும்போது ஒன்று, நடப்புப் பக்கத்துக்கு ஒன்று. எட்டுப் பிரிவு இருந்தால் இருபத்துநான்கு ஜிஃப் படங்கள், அதுவும் தொலைபேசி மோடம் வேகத்தில். மேக்ரோமீடியாவின் டிரீம்வீவர் மென்பொருள் இதற்கென்றே ஒரு மெனுக் கருவி வைத்திருந்தது. அழுத்திய நிலைப் படத்தைத் தொடக்கத்திலேயே காட்டு என்று ஒரு பெட்டியில் குறியிட்டால், அந்தப் பொத்தானே நடப்புப் பக்கத்தின் அடையாளமாகிவிடும்.

எது அடையாளமாக வேலை செய்கிறது என்ற கேள்வியை 2000-இல் ஸ்டீவ் க்ரூக் ‘டோன்ட் மேக் மீ திங்க்’ நூலில் எடுத்தார். பெரிய கடை வளாகத்து வரைபடத்தில் ‘நீங்கள் இங்கே’ என்று நிற்கும் புள்ளியை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். அத்தகைய அடையாளங்களின் பொதுக் குறை மிக மெலிதாக இருப்பதுதான். நிறத்தோடு எழுத்தின் தடிமனையும் மாற்றுங்கள் என்பது அவர் வாதம். அவர் மெச்சிய எடுத்துக்காட்டு அக்கால அமேசான். அங்கே நடப்புப் பிரிவின் தாவல் தன் நிறத்தோடு முன்னே வந்து, கீழிருக்கும் பட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பிரிவுகள் பெருகித் தாவல்கள் இரண்டு வரிசையானபோது அந்த அழகு கெட்டது வேறு கதை.

தாவலின் தோற்றத்தைப் பட எழுத்து இல்லாமல், வெறும் பட்டியலிலிருந்து சிஎஸ்எஸ் கொண்டு உருவாக்கலாம் என்று டக்ளஸ் போமன் 2003 அக்டோபரில் ‘எ லிஸ்ட் அபார்ட்’ இதழில் காட்டினார். நடப்பு உருப்படிக்கு அவர் ‘கரன்ட்’ என்று அடையாளப் பெயர் இட்டார். வேறு சிலர் இன்னும் நுட்பமாகச் செய்தார்கள்: மெனு எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கும், பக்கத்தின் உடற்பகுதிக்கு மட்டும் தனிப்பெயர் இருக்கும், இரண்டும் பொருந்தும் இடத்தில் நடை விதி நிறம் ஏற்றும். பிறகு வேலை சர்வருக்குப் போனது. தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் 3.0 பதிப்பு 2010-இல் கொண்டுவந்த மெனு வசதி, நடப்பு உருப்படிக்குரிய பெயரைத் தானே பொறித்துக் கொடுத்தது. தளம் செய்பவர் தொட வேண்டியது நிறத்தை மட்டும்தான்.

பக்கமே மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறும் செயலிகள் வந்ததும் அடையாளமிடும் வேலை மீண்டும் உலாவிக்குள் ஓடும் நிரலிடம் திரும்பியது. ரியாக்ட் ரவுட்டர், வ்யூ ரவுட்டர் போன்ற நிரல் நூலகங்களின் முந்தைய பதிப்புகள் முகவரியின் முற்பகுதியை ஒப்பிட்டு அடையாளமிட்டன. எல்லா முகவரியும் ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்குவதால் ‘முகப்பு’ எப்போதும் ஒளிர்ந்துகொண்டிருந்தது; அதை அணைக்க முழுப் பொருத்தம் கேட்கும் தனி விதி தேவைப்பட்டது.

இத்தனையும் கண்ணுக்கு. திரைவாசிப்பான் கொண்டு கேட்பவருக்கு நிறமோ தடிமனோ எட்டாது. நிறம் மட்டுமே தகவலைச் சுமக்கக் கூடாது என்று 2008-இன் அணுகல் நெறிகள் விதித்தபோதும், நடப்புப் பக்கம் என்பதைச் சொல்லத் தரப்படுத்தப்பட்ட வழி இல்லை. மறைத்து வைத்த சொற்களால் சமாளித்தார்கள். அணுகல் வசதிக்கென 2017 டிசம்பரில் நிறைவுற்ற ஏரியா 1.1 தரம் ‘ஏரியா-கரன்ட்’ என்ற பண்பைக் கொடுத்தது. அதையே சிஎஸ்எஸ் விதிக்கும் பிடியாகக் கொண்டால், ஒரே சொல் காதுக்கும் கண்ணுக்கும் பயன்படும். இந்த வரலாற்றில் ஆகச் சிறந்த திருப்பம் இதுவே என்று கருதுகிறேன்.

உலாவியே பார்த்துக்கொள்ளட்டும் என்ற யோசனையும் எழாமல் இல்லை. நடப்பு முகவரியைச் சுட்டும் இணைப்பைத் தானே கண்டுகொள்ளும் ‘லோக்கல்-லிங்க்’ என்ற தேர்வி, சிஎஸ்எஸ் தேர்விகளின் நான்காம் நிலை வரைவில் உள்ளது. முகவரியின் எத்தனை அடுக்கு பொருந்த வேண்டும் என்று எண் கொடுக்கும் வடிவமும் முன்பு இருந்தது, பிறகு நீக்கப்பட்டது. பெரிய உலாவிகள் எதுவும் அந்தத் தேர்வியை நடைமுறைப்படுத்தவில்லை. செய்தாலும் பாதிக் கிணறுதான். புத்தகக் கடைத் தளம் ஒன்றில் சிறுவர் வரலாற்று நூல் ‘சிறுவர்’, ‘வரலாறு’ இரண்டின் கீழும் இருக்கும்; அதன் முகவரியிலோ இரண்டு சொல்லும் இராது. எந்தப் பெயரை ஒளிரச் செய்வது என்பதைக் கடையை அடுக்கியவர்தான் சொல்ல வேண்டும்.