பில்லி மெக்நீல்

வில்லியம் மெக்நீல் என்ற பில்லி மெக்நீல் (1940 மார்ச் 2 – 2019 ஏப்ரல் 22) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கால்பந்து வீரர், பயிற்சியாளர். 1957 முதல் 1975 வரை கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழகத்துக்கு மட்டுமே ஆடினார். நடுத் தடுப்பாட்டக்காரராக அவர் ஆடிய 790 போட்டி ஆட்டங்கள் அந்தக் கழகத்தில் இன்றுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை. 1967இல் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுக்கொண்டபோது, அதைத் தூக்கிய முதல் பிரிட்டிஷ் அணித்தலைவர் ஆனார். அந்தப் படத்தை வைத்தே உலகம் அவரை அடையாளம் காண்கிறது. ஆனால் அவருடைய ஆட்டத்தைப் புரிந்துகொள்ள லிஸ்பனைவிட, கார்னர் பந்துகளைத் தலையால் முட்டி அவர் போட்ட சில கோல்களைப் பார்ப்பதே நல்லது. செல்டிக்கின் போக்கு திரும்பிய இடங்களில் எல்லாம் அப்படி ஒரு கோல் இருக்கிறது.

இளமை

கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே லானார்க்ஷயரில், நிலக்கரியும் இரும்பும் சோறு போட்ட பெல்ஸ்ஹில் என்ற சிற்றூரில் பிறந்தார். சுரங்க வேலைக்காக லித்துவேனியர்கள் ஏராளமாகக் குடியேறிய பகுதி அது. மெக்நீலின் தாய்வழிக் குடும்பமும் அப்படி வந்ததே. ஊர் சிறிதென்றாலும் கால்பந்துக்கு அது கொடுத்த ஆட்கள் சிறியவர்கள் அல்லர். ஹியூயி கல்லாகர் இங்கே பிறந்தவர். மான்செஸ்டர் யுனைடெட்டை உருவாக்கிய மேட் பஸ்பி ஊரை ஒட்டிய ஆர்பிஸ்டனைச் சேர்ந்தவர். தந்தை ராணுவத்தில் இருந்ததால் குடும்பம் சில காலம் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டில் வசித்தது. ஸ்காட்லாந்து திரும்பியபின் மதர்வெல்லில் உள்ள ‘அவர் லேடிஸ்’ உயர்நிலைப் பள்ளியில் படித்தார்.

பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச ஆட்டம் ஒன்றில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய இந்த நெட்டைப் பையனைக் கண்டு செல்டிக்குக்குச் சொன்னவர் ஜாக் ஸ்டீன். ஸ்டீன் தாமே செல்டிக்கின் நடுத் தடுப்பாளராகவும் தலைவராகவும் இருந்து, கணுக்கால் காயத்தால் ஆட்டத்தை விட்டவர். அப்போது கழகத்தின் இரண்டாம் அணிக்குப் பயிற்சியளித்துக்கொண்டிருந்தார். தம் இடத்தில் நிற்கப்போகிறவனுக்குத் தாமே பாடம் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு அவருக்கு அமைந்தது. 1957இல் ஒப்பந்தமான மெக்நீல், பிளான்டயர் விக்டோரியா என்ற ஜூனியர் அணியில் கொஞ்ச காலம் பழகிவிட்டு, 1958 ஆகஸ்டில் கிளைடு அணிக்கு எதிரான லீக் கோப்பை ஆட்டத்தில் முதன்முதலாக இறங்கினார்.

வெறுங்கை ஆண்டுகள்

அவர் சேர்ந்த சில வாரங்களில், 1957 அக்டோபரில், லீக் கோப்பை இறுதியில் அதே நகரின் எதிரிக் கழகமான ரேஞ்சர்ஸை 7–1 என்று செல்டிக் நொறுக்கியது. அதன்பின் ஏழரை ஆண்டுகள் பெரிய கோப்பை எதுவும் வரவில்லை. 1960இல் ஸ்டீன் டன்ஃபெர்ம்லின் அணியின் மேலாளராகப் போனார்; அடுத்த வருடமே ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில், மறு ஆட்டத்தில், செல்டிக்கைத் தோற்கடித்தார். 1963 இறுதியிலும் செல்டிக் அணியினர் மறு ஆட்டம் வரை இழுத்துச் சென்று ரேஞ்சர்ஸிடம் 0–3 என்று தோற்றார்கள்.

நாட்டுக்காக ஆடிய தொடக்கம் இதைவிட மோசம். 1961 ஏப்ரல் 15, வெம்ப்ளி மைதானம், எதிரணி இங்கிலாந்து. ஸ்காட்லாந்து 3–9 என்று தோற்றது. மெக்நீலின் முதல் சர்வதேச ஆட்டம் அதுதான். ஸ்காட்லாந்தில் அந்த நாளின் பழியைப் பெரும்பாலும் கோல்கீப்பர் ஃபிராங்க் ஹாஃபி தலையில் போட்டுவிட்டார்கள். ஒன்பது கோல் போகும்போது நடுவில் நின்ற தடுப்பாளரை யாரும் கேட்காமல் விட்டது நியாயமா என்பது வேறு விஷயம். மெக்நீல் அதிலிருந்து மீண்டு, 1972 வரை ஸ்காட்லாந்துக்கு 29 ஆட்டங்கள் ஆடி மூன்று கோல் அடித்தார். அந்த ஆண்டுகளில் ஸ்காட்லாந்து ஒரு உலகக் கோப்பைக்கும் தகுதி பெறவில்லை.

1963இல் செல்டிக் தலைவர் பொறுப்பு வந்தது. பெயர் வந்ததே தவிர பலன் இல்லை. வேறு கழகத்துக்குப் போய்விடலாம் என்று அவர் நினைத்த காலம் இது. லண்டனின் டாட்டன்ஹாம் அவர்மேல் கண் வைத்திருந்தது. 1965 மார்ச்சில் ஸ்டீன் மேலாளராகத் திரும்பி வந்ததும் அந்தப் பேச்சு அடங்கிப்போனது.

ஆறே வாரங்களில், ஏப்ரல் 24 அன்று, ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி. எதிரே நின்றது ஸ்டீன் விட்டுவந்த அதே டன்ஃபெர்ம்லின். பார்வையாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இரண்டு முறை பின்தங்கி, பெர்ட்டி ஆல்டின் இரு கோல்களால் செல்டிக் 2–2 என்று சமன் செய்திருந்தது. ஆட்டம் முடிய ஒன்பது நிமிடம் இருக்கையில் சார்லி கல்லாகர் கார்னர் அடித்தார். பின்னாலிருந்து ஓடிவந்து எழும்பிய மெக்நீல் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். 3–2. ஸ்காட்லாந்துக் கால்பந்து எழுத்தாளர்கள் சங்கம் அந்த வருடம்தான் ஆண்டின் சிறந்த வீரர் விருதைத் தொடங்கியது; அதன் முதல் விருது மெக்நீலுக்குப் போனது.

ஆட்டமுறை

அந்தக் காலத்து வழக்கில் அவர் ‘சென்டர் ஹாஃப்’, ஐந்தாம் எண். செல்டிக்கின் பச்சை-வெள்ளைப் பட்டைச் சட்டையில் எண் போட்டால் பட்டை கெட்டுவிடும் என்று கால்சட்டையில்தான் எண் இருக்கும். ஆறடி ஓரங்குல உயரம், நிமிர்ந்த முதுகு. பந்தை வைத்து வித்தை காட்டுகிற ஆள் அல்லர். காலில் பந்து வந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவார். அவர் ஆண்டது ஆகாயத்தை. எதிரணி உயரமாக அடிக்கிற பந்து எதுவானாலும் முன்னேறிச் சென்று முட்டுவார். அது தவறினால் பின்னால் பொறுக்கிக்கொள்ள ஜான் கிளார்க் இருந்தார். ஆரவாரமில்லாத கிளார்க் இல்லாமல் மெக்நீல் அப்படித் துணிந்து முன்னே போயிருக்க முடியாது. செல்டிக்கைப் பற்றிய எழுத்துகளில் இந்த ஜோடிக்குரிய இடம் கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

தடுப்பாளர் கார்னருக்காக எதிரணிப் பெட்டிக்குள் போவது இன்று எல்லா அணியும் செய்கிற வேலை. 1960களில் பல அணிகளில் ஐந்தாம் எண் தன் பாதியிலேயே நிற்பது வழக்கம். ஸ்டீன் மெக்நீலை முன்னே அனுப்பினார். கூட்டத்துக்குள் முதலிலேயே போய் நின்றுகொள்ளாமல், பந்து கிளம்பியபின் ஓட்டத்தோடு வந்து எழும்புவது அவர் பாணி. நின்ற இடத்திலிருந்து குதிக்கிறவரால் ஓடிவந்து எழும்புகிறவரை மறிப்பது கடினம்.

சக ஆட்டக்காரர்கள் அவரை ‘சீசர்’ என்று கூப்பிட்டார்கள். ‘ஓஷன்ஸ் 11’ படத்தில் நடித்த சீசர் ரொமேரோவிடமிருந்து வந்த பட்டப்பெயர் அது. கோப்பைகள் குவியத் தொடங்கியதும் ரோமாபுரிச் சீசர்தான் மக்கள் நினைவில் நின்றார்.

1967

ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் யூகோஸ்லாவியாவின் வொய்வொதினா அணி, நொவி சாதில் நடந்த முதல் ஆட்டத்தில் 1–0 என்று வென்றிருந்தது. மார்ச் 8 அன்று கிளாஸ்கோவில் மறு சுற்று. ஸ்டீவி சால்மர்ஸ் ஒரு கோல் அடித்துக் கணக்கைச் சமன் செய்தார். அப்படியே முடிந்தால் மூன்றாவது ஆட்டம் ராட்டர்டாமில் என்று ஏற்பாடு. கடைசி நிமிடத்தில் வலப்பக்கம் ஒரு கார்னர். அடித்தவர் மீண்டும் கல்லாகர். முட்டியவர் மீண்டும் மெக்நீல். பந்தை ஆட்டத்துக்குக் கொண்டுவரக்கூட நேரமில்லை. லிஸ்பன் இறுதியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் செல்டிக் அந்தப் போட்டியிலிருந்து வெளியேற மிக அருகில் போன இரவு இதுதான்.

அரையிறுதியில் பிராகின் டுக்லா அணியைத் தாண்டி, மே 25 அன்று லிஸ்பனின் தேசிய மைதானத்தில் இன்டர் மிலானைச் சந்தித்தார்கள். எலேனியோ எரேரா பயிற்சியளித்த அந்த அணி, ஒரு கோல் அடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதில் பேர்பெற்றது. ஏழாவது நிமிடத்தில் மட்சோலா பெனால்டியில் கோல் அடித்தார்; கதவும் சாத்தப்பட்டது. மிச்ச நேரம் முழுக்க செல்டிக் தட்டிக்கொண்டே இருந்தது. இரண்டாம் பாதியில் டாமி கெம்மல் சமன் செய்ய, ஆட்டம் முடியும் தறுவாயில் சால்மர்ஸ் வெற்றிக் கோலைத் தள்ளினார். இன்டர் அரிதாகவே முன்னேறி வந்ததால் மெக்நீலுக்கு அன்று வேலை குறைவு.

முடிந்ததும் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்துவிட்டார்கள். அணியாக நின்று கோப்பை வாங்க வழியில்லை. மெக்நீல் கூட்டத்தைக் கடந்து எதிர்ப்பக்க மேடைக்குப் போய், சக வீரர்கள் அருகில் இல்லாமலே அதைப் பெற்றுக்கொண்டார். அன்று ஆடிய பதினொருவரும் செல்டிக் பார்க்கிலிருந்து முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். ‘லிஸ்பன் சிங்கங்கள்’ என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்தது.

அதே வருடம் அக்டோபரில் அர்ஜென்டினாவின் ராசிங் கழகத்தோடு கண்டங்களுக்கிடைக் கோப்பை ஆட்டம். ஹாம்ப்டனில் செல்டிக் 1–0 என்று வென்றது. கோல் மெக்நீலின் தலையிலிருந்து. புவனஸ் அயர்ஸில் தோற்று, மான்டிவிடியோவில் நடந்த மூன்றாவது ஆட்டத்திலும் தோற்றார்கள். உதையும் அடியுமாகப் போன அந்த ஆட்டத்தில் இரு தரப்பிலும் பலர் வெளியேற்றப்பட்டனர்.

ஒன்பது பட்டங்கள், ஒரு மிலான் இரவு

1965–66 முதல் 1973–74 வரை தொடர்ச்சியாக ஒன்பது லீக் பட்டங்கள். ஒன்பதிலும் தலைவர் மெக்நீலே. அதோடு ஏழு ஸ்காட்டிஷ் கோப்பைகள், ஆறு லீக் கோப்பைகள். 1969 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் ரேஞ்சர்ஸுக்கு எதிராக இரண்டாவது நிமிடத்திலேயே கார்னரிலிருந்து முட்டிக் கோல் போட்டார்; முடிவு 4–0. 1972 இறுதியில் ஹிபர்னியனை 6–1 என்று வென்றபோதும் தொடங்கிவைத்தவர் அவர்தான்.

1970 ஐரோப்பியக் கோப்பை இறுதியைச் சொல்லாமல் விட முடியாது. மிலானின் சான் சீரோவில் எதிரணி நெதர்லாந்தின் ஃபெயனூர்ட். எளிதாக வெல்லலாம் என்ற நினைப்போடு போனவர்கள் செல்டிக். 1–1 என்று கூடுதல் நேரம் போய், அதுவும் முடிய மூன்று நிமிடம் இருக்கையில், தலைக்கு மேலே தாண்டிப்போன ஓர் உயரப் பந்தைப் பின்னோக்கிச் சாய்ந்தபடி மெக்நீல் கையால் தடுக்கப் பார்த்தார். நடுவர் ஊதவில்லை, பந்தைப் பிடித்த ஃபெயனூர்டின் கிண்ட்வால் கோல்கீப்பருக்கு மேலாக உள்ளே போட்டார். பதின்மூன்று வருடமாக ஆகாயத்தில் தவறாத கணிப்பு தவறியது அந்த ஒரு பந்தில்.

1974இல் எம்.பி.இ. பட்டம் பெற்றார். 1975 மே 3 அன்று ஏர்ட்ரியை 3–1 என்று வென்ற ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியோடு, 35 வயதில் காலணியைக் கழற்றினார்.

மேலாளராக

கிளைடில் சில வாரங்கள், பிறகு அபர்டீனில் ஒரு பருவம். அந்த ஒரு பருவத்தில் லீகிலும் ஸ்காட்டிஷ் கோப்பையிலும் இரண்டாமிடம். கார்டன் ஸ்ட்ராகனை வாங்கியதும் அலெக்ஸ் மெக்லீஷை முதன்முதலில் களமிறக்கியதும் அவர்தான். அவருக்குப் பின் அபர்டீனுக்கு வந்த அலெக்ஸ் ஃபெர்குசன், இவர்களை வைத்து ஐரோப்பாவில் கோப்பை வென்றார்.

1978இல் ஸ்டீனுக்குப் பதிலாகச் செல்டிக்குக்குத் திரும்பினார். முதல் பருவமே கதை போல முடிந்தது: 1979 மே 21 அன்று, ஜானி டாயில் வெளியேற்றப்பட்டுப் பத்துப் பேராகச் சுருங்கிய செல்டிக், ரேஞ்சர்ஸை 4–2 என்று வீழ்த்திப் பட்டத்தைக் கைப்பற்றியது. 1981, 1982 பட்டங்களும் வந்தன. இருந்தும் 1983இல் நிர்வாகத்தோடு சம்பள விஷயத்தில் மனக்கசப்பு ஏற்பட்டு மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். 1985இல் அந்த அணியை முதல் பிரிவுக்கு உயர்த்தினார். 1986–87 பருவத் தொடக்கத்தில் சிட்டியை விட்டு ஆஸ்டன் வில்லாவுக்குத் தாவ, பருவ முடிவில் இரண்டு அணிகளுமே கீழ்ப்பிரிவுக்கு இறங்கின. ஒரே வருடத்தில் இப்படி இரட்டை இறக்கத்தில் பெயர் சேர்ந்த மேலாளரை வேறெங்கும் தேடிப் பிடிப்பது கடினம்.

1987இல் மீண்டும் செல்டிக். கழகத்தின் நூற்றாண்டுப் பருவமான 1987–88இல் லீக் பட்டமும் ஸ்காட்டிஷ் கோப்பையும் சேர்ந்து வந்தன. டண்டீ யுனைடெட்டுக்கு எதிரான இறுதியில் ஃபிராங்க் மெக்காவெனியின் இரண்டு கோல்கள் 2–1 என்று முடித்துவைத்தன. ரேஞ்சர்ஸ் பணத்தை அள்ளிக் கொட்டத் தொடங்கிய காலத்தில் அவரால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை, 1991இல் நீக்கப்பட்டார். 2003இல் மூத்த குடிமக்கள் கட்சி ஒன்றின் சார்பில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் நின்றதும் உண்டு, வெற்றி பெறவில்லை.

நோயும் அதன் பின்னும்

2009இல் செல்டிக் அவரைக் கழகத் தூதராக நியமித்தது. 2015 டிசம்பரில், கோப்பையைத் தூக்கி நிற்கும் அவர் சிலை செல்டிக் பார்க் வாசலில் திறக்கப்பட்டது. 2017இல், அவருக்கு மறதிநோய் இருப்பதையும் பேச்சு வெகுவாகக் குறைந்துவிட்டதையும் குடும்பத்தார் வெளியே சொன்னார்கள். 2019 ஏப்ரல் 22 அன்று, 79 வயதில் இறந்தார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 29 அன்று, லிஸ்பனில் வெற்றிக் கோல் அடித்த சால்மர்ஸும் காலமானார்; அவருக்கும் மறதிநோய் இருந்தது.

மெக்நீலின் நோய்க்குத் தலையால் முட்டியதுதான் காரணம் என்று யாராலும் தனித்து நிறுவ முடியாது. ஆனால் அவர் இறந்த அதே வருட அக்டோபரில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வில்லி ஸ்டீவர்ட் குழு வெளியிட்ட ஆய்வு கேள்வியைத் தள்ளிப்போட முடியாதபடி செய்துவிட்டது. ஸ்காட்லாந்தில் ஆடிய 7,676 முன்னாள் தொழில்முறை வீரர்களின் பதிவுகளைப் பொதுமக்களோடு ஒப்பிட்டபோது, மூளை நரம்புச் சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு வீரர்களுக்கு மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. 2021இல் அதே குழு ஆடும் இடம் வாரியாகப் பிரித்துப் பார்த்தது. பந்தைக் கையால் பிடிக்கிற கோல்கீப்பர்களுக்கு இந்த நோய்கள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. தடுப்பாட்டக்காரர்களுக்கோ ஏறக்குறைய ஐந்து மடங்கு.

2020இல் ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரின் பயிற்சியில் தலையால் முட்டுவதை நிறுத்தியது. 2022இல் தொழில்முறை அணிகளுக்கும் கட்டுப்பாடு வந்தது: ஆட்டத்துக்கு முந்தைய நாளும் மறுநாளும் தலையால் முட்டும் பயிற்சி கூடாது.