பரீட்சையே சர்வகலாசாலையாயிருந்த காலம்

சென்னைச் சர்வகலாசாலை தன் முதல் பி. ஏ. பட்டங்களை வழங்கியபோது, அவற்றைப் பெற்ற இருவரையும் ஆளாக்கிய கலாசாலை இவ்வுலகில் இல்லை. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823ல் தொடங்கி நடத்திவந்த செமினரி 1855லேயே மூடப்பட்டுவிட்டது. அங்கே ஆசிரியராயிருந்த கரோல் விசுவநாத பிள்ளையும், அவரிடம் பாடங்கேட்ட சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம் பிள்ளையும், கடல் கடந்து இக்கரைக்கு வந்து, 1857ல் நடந்த பரீட்சையை எழுதி, குருவும் சீடரும் ஒரே பந்தியில் இலை போட்டு உட்கார்ந்ததுபோலச் சேர்ந்தே பட்டதாரிகளானார்கள். பிற்காலத்தில் கலித்தொகையை அச்சேற்றித் தமிழுலகை என்றும் கடன்பட வைத்த தாமோதரம் பிள்ளைக்கு அப்போது பிராயம் இருபத்தைந்து. பட்டம் கொடுத்த சர்வகலாசாலை அவருக்கு ஒரு நாளேனும் பாடம் சொன்னதில்லை. சொல்லும் உத்தேசமும் அதற்கு இல்லை.

இந்த விசித்திரத்தை விளங்கிக்கொள்ளச் சிறிது பின்னோக்கிச் செல்லவேண்டும். சென்னைக்கு ஒரு சர்வகலாசாலை வேண்டுமென்று 1839லேயே எழுபதினாயிரம் கையொப்பங்களோடு ஒரு விண்ணப்பம் கவர்னரிடம் போயிற்று. அதற்குப் பலனாக இரண்டு வருஷத்தில் கிடைத்தது ஓர் உயர்தரப் பள்ளிக்கூடம்; அதுவே வளர்ந்து பிரஸிடென்ஸி காலேஜ் ஆயிற்று. 1854ல் ஸர் சார்ல்ஸ் உட் என்பவர் அனுப்பிய கல்வி சாஸனம் வந்த பிறகே காரியம் கைகூடி, 1857 ஸெப்டம்பர் 5ந் தேதி சட்டம் நிறைவேறியது. அந்தச் சாஸனம் நமக்கு முன்மாதிரியாகக் காட்டியது ஆக்ஸ்போர்டையன்று, கேம்பிரிட்ஜையுமன்று. 1836ல் பிறந்த லண்டன் சர்வகலாசாலையை. லண்டனோ அக்காலத்தில் பரீட்சை நடத்திப் பட்டம் தருவதொன்றே தொழிலாகக் கொண்டிருந்தது. ஆகவே சென்னையிலும் வகுப்பறையின்றி, உபாத்தியாயரின்றி, ஒரு ரிஜிஸ்திராரும், பரீட்சகர்களின் ஜாபிதாவும், அச்சிட்ட வினாத்தாளும், குறித்த தேதியும் சேர்ந்தால் அதுவே சர்வகலாசாலை என்றாயிற்று. கடற்கரையோரத்தில் சிஸம் துரை வகுத்த திட்டப்படி 1874ல் தொடங்கி 1879ல் முடிந்த செனட் மண்டபத்தைப் பார்ப்பவர்கள் அதன் கோபுரங்களையும் வர்ணக் கண்ணாடிகளையும் கண்டு வியக்கிறார்கள். சர்வகலாசாலை முதன்முதலாகத் தனக்கென்று கட்டிக்கொண்டது பாடம் நடத்தும் அறைகளையல்ல, ஒரு மகா மண்டபத்தை என்பதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

இது நம்மவருக்கு முற்றிலும் புதிய ஏற்பாடு. நம்மிடம் பரீட்சை இல்லாமலில்லை, தேதிதான் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி ஒப்பிக்காத பையன் அன்றைக்கன்றே தேறாதவனானான். மறுநாள் ஒப்பித்தால் அன்றைக்கே தேறியவனானான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்டவர்கள் எத்தனை வருஷம் கேட்டால் போதுமென்று யாரும் விதித்ததில்லை. நூலியற்றியவன் சபையில் அரங்கேற்றும்போது கேட்கப்படும் ஆட்சேபங்களுக்கு நேரில் சமாதானம் சொல்லவேண்டும். திருத்தச் சொன்னால் திருத்தவேண்டும். கேள்வி கேட்பவரின் முகமும் விடை சொல்பவனின் முகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த முறை அது. அம்முறையில் பட்சபாதத்துக்கு இடமுண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

புதிய முறை முகத்தை நீக்கி எண்ணை வைத்தது. மெட்ரிகுலேஷன், அதன்மேல் எப். ஏ., அதன்மேல் பி. ஏ. என்று படிகள் அமைந்தன. விண்ணப்பமும் கட்டணமும் இன்ன தேதிக்குள் வரவேண்டும், முத்திரையிட்ட கட்டை இன்ன மணிக்கு உடைக்கவேண்டும், மணி அடித்தபின் பேனாவைக் கீழே வைத்துவிடவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி ஏற்பட்டது. விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு எழுதியவன் மிராசுதார் மகனா, சமையற்காரர் மகனா என்பது தெரியாது. தெரியக்கூடாது என்பதே ஏற்பாடு. தேதி தவறினால் தகப்பனார் எவ்வளவு பெரிய மனிதராயிருந்தாலும் தவறியதுதான். இந்தக் கண்டிப்பைக் குறைகூறுகிற நானே, ஏழைப் பிள்ளைகள் பலருக்கு அது ஒரு கவசமாயிருந்ததையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பத்திரிகையில் பரீட்சை முடிவு வெளியாகும் நாள் என் நினைவில் அழியாமலிருக்கிறது. ரயிலடியில் பத்திரிகைக் கட்டு இறங்கியதும் கடைக்காரர் அதை அவிழ்க்குமுன் பத்துக் கைகள் நீளும். பக்கம் முழுவதும் பொடி எழுத்தில் எண்களே எண்கள். தேறியவர்களின் எண்கள் மாத்திரம் வரிசையாக. என் தமையனாரின் எண்ணுக்கு முந்தியதைத் தொட்ட என் சுட்டுவிரல் அடுத்த எண்ணுக்கு நகர்ந்தபோது அங்கே இருந்தது அதற்கும் அடுத்தது. அச்சுப் பிழையாயிருக்கும் என்று கடைக்காரர் ஆறுதல் சொன்னார். எல்லாருக்கும் அவர் அதையே சொல்வார் என்று பின்னால் தெரிந்தது. வீட்டுக்கு வந்தபோது அம்மா கேட்டது, “நம்பர் வந்திருக்காடா?” என்பதுதான். தேறினானா என்று யாரும் கேட்பதில்லை. நம்பர் வந்ததா என்றே கேட்பார்கள்.

பரீட்சைக்கென்று ஒரு பாஷையே உண்டாயிற்று. தவறியவன் ‘கோட் அடித்தான்’. மார்ச்சில் போனது ஸெப்டம்பரில் வரும் என்று தேறுதல் சொன்னார்கள். ‘பி. ஏ. பெயில்’ என்பதையும் ஒரு யோக்கியதாம்சமாகவே எண்ணி வேலைக்கு மனுச்செய்தவர்கள் உண்டு, பி. ஏ. வரையில் ஏறிய பிறகல்லவா விழுந்தான் என்று வரன் தேடுகிறவர்களும் அதை மதித்தார்கள். தேறுவதற்கு நூற்றுக்கு 33 என்று வைத்தது, வெள்ளைக்காரரில் பாதியே நமக்குப் புத்தி என்று கணக்கிட்டுத்தான் என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் காட்டுவாரை நான் கண்டதில்லை.

பாட்டும் உரையுமாக ஏட்டில் கிடந்த தமிழுக்கும் இந்தப் பரீட்சை முறையினால் ஒரு பயன் விளைந்தது. சீவக சிந்தாமணியின் நாமகளிலம்பகத்தைப் பவர் என்னும் பாதிரியார் 1868ல் அச்சிட்டார். சாமிநாதையர் முழு நூலையும் வெளியிடுவதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்னால் அந்த ஒரு பகுதியாவது வெளிச்சத்துக்கு வந்தது, பரீட்சை எழுதும் பிள்ளைகளின் தேவையை உத்தேசித்தே. பாடபுத்தகம் வந்தால் அதற்கு நோட்ஸ் வராதிருக்குமா? கோனார் நோட்ஸ் வரையில் நீளும் அந்த வமிசாவளியை இங்கே விரிக்க இடமில்லை. 1901ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கமும் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று படி வகுத்துப் பரீட்சை நடத்தலாயிற்று. பழைய தமிழ்க் கல்விகூடப் புதிய உடையை உடுத்திக்கொண்டதற்கு அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

பிறகு நேர்ந்த மாறுதல்களைச் சுருங்கச் சொல்லிவிடலாம். கர்ஸன் பிரபுவின் 1904ம் வருஷத்துச் சட்டம், பாடஞ்சொல்வதும் ஆராய்ச்சியை வளர்ப்பதும் சர்வகலாசாலைகளுக்கு உரிய காரியங்களே என்று அங்கீகரித்தது. எப். ஏ. போய் இண்டர்மீடியட் வந்தது. அதுவும் போய்ப் பி. யூ. சி. வந்தது, 1978ல் மேல்நிலைப் பள்ளிகள் தோன்றவே அதுவும் போயிற்று. அதே வருஷம் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்று, வினாத்தாளைத் தாமே தயாரித்துத் தாமே திருத்தத் தொடங்கின. ஸெமஸ்டர், இண்டர்னல் மார்க், வருகைப்பதிவில் 75 சதவிகிதம், குறைந்தால் ‘கண்டொனேஷன்’ என்பவை இன்றைய மாணவன் அறிந்த சங்கதிகள். ‘கோட்’ அடித்தவனின் பேரன் ‘அரியர்’ வைத்திருக்கிறான். ஒரு பாடத்தில் தவறினால் அந்த ஒரு பாடத்தை மாத்திரம் மறுபடி எழுதினால் போதும் என்னும் சலுகையின் அருமை அவனுக்குத் தெரிய நியாயமில்லை.

அது இல்லாத காலத்தில் கும்பகோணத்துப் பையன் ஒருவன் என்ன ஆனான் என்பதை உலகம் அறியும். 1903ல் மெட்ரிகுலேஷன் தேறிக் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், ஆங்கில வியாசத்தில் தவறியதால் அந்தத் தொகையை இழந்தார். பின்பு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906 டிஸம்பரில் எப். ஏ. எழுதினார்; தவறினார். மறுவருஷம் கல்லூரியின் துணையின்றித் தனியாகவே எழுதினார், மறுபடியும் தவறினார். கணிதத்தில் எவ்வளவு வாங்கியிருந்தாலும், உடற்கூற்று சாஸ்திரத்தில் வாங்காத மார்க்குக்கு அது ஈடாகாது என்பது விதி. ஜீரண உறுப்புகளைப்பற்றிய வினாவுக்கு, அந்த அத்தியாயம் தமக்கு ஜீரணமாகவில்லை என்று விடையெழுதி வைத்துவிட்டு வந்தாரென்று சொல்வதுண்டு. பரீட்சகர் சிரித்திருக்கலாம், மார்க் போட அவருக்கு வழியில்லை.

ஐந்து வருஷம் கழிந்தது. துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாயிருந்த அவரைப்பற்றிக் கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டி என்னும் கணிதவல்லாரின் கடிதம் வந்தது. வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் ரிஜிஸ்திராருக்குச் சிபாரிசு எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகை எம். ஏ. தேறியவருக்கே உரியது, இவரோ எப். ஏ. கூடத் தேறாதவர். சிண்டிகேட்டில் இருந்தோர் விதியை வரிவரியாகப் படிப்பதை நிறுத்தி, ஆராய்ச்சியை வளர்ப்பது சர்வகலாசாலையின் நோக்கங்களில் ஒன்று என்று சட்டம் சொல்வதைப் பிடித்துக்கொண்டார்கள். இருமுறை அவரைத் திருப்பியனுப்பிய அதே ஸ்தாபனம், 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு வருஷத்துக்கு வழங்கியது. அவர் வாழ்நாளில் சர்வகலாசாலை அவருக்குச் செய்த மிகச் சிறந்த உபகாரம் தன் விதியைச் சற்றே நெகிழவிட்டதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் தவணை வைக்காமல் அதனால் இருக்க முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணிதக் குழுவுக்கு ஓர் அறிக்கை கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. ராமானுஜனும் கொடுத்தார்: முதலாவது 1913 ஆகஸ்டு 5ந் தேதி, இரண்டாவது நவம்பர் 7ந் தேதி. மே முதல் கணக்கிட்டால் ஒன்று ஐந்து நாள் தாமதம், மற்றொன்று ஒரு வாரம். மூன்றாவது ஒரு மாதத்துக்கு மேலேயே பிந்திற்று. அதற்காக யாரும் தொகையை நிறுத்தவில்லை. மூல அறிக்கைகள் பின்பு எங்கேயோ தவறிப்போய், 1925ல் ஒருவர் கையால் எழுதிவைத்த பிரதியால்தான் இன்று கிடைக்கின்றன. வரையறுத்த தொகையீடுகளைப்பற்றி அவற்றில் உள்ளவற்றைக் கணிதவல்லார் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். மூன்றாவது அறிக்கையில் உள்ள தேதி 1914 மார்ச் 9. அன்றைக்கு எட்டாம் நாள், மார்ச் 17ல், தாம் குமாஸ்தாவாயிருந்த அதே துறைமுகத்தில் கேம்பிரிட்ஜ் செல்வதற்காக ‘நெவாஸா’ கப்பலில் அவர் ஏறினார்.