இந்தியப் படைச் சீருடை

இந்தியத் தரைப்படைச் சீருடையின் வரலாறு, கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்குக் கொடுத்த சிவப்புச் சட்டையில் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் இடுப்புக்கு மேலேதான் ஐரோப்பிய உடை. கீழே அரைக்கால் சராயும் செருப்பும், தலையில் பாகை. இந்தக் கலப்பைக் கம்பெனி வெகுகாலம் பொறுத்துக்கொண்டது.

சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் காலத்தில் அந்தப் பொறுமை தீர்ந்தது. 1805 நவம்பரில் வந்த விதிகளின்படி நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழித்தாக வேண்டும். புதிய வட்டத் தலைப்பாகையில் தோலால் செய்த சின்னம் இருந்தது. அது பசுத்தோலா பன்றித்தோலா என்ற ஐயம் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருசேர உறுத்தியது. பாகையின் வடிவமோ தொப்பிக்காரர்கள் எனப்பட்ட ஐரோப்பியரை நினைவூட்டியது. மதமாற்றத்துக்கு முன்னேற்பாடு என்றே பலர் கருதினர். 1806 மே மாதம் வேலூரில் அதை அணிய மறுத்தவர்களில் இருவருக்குத் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது. ஜூலை 10 அதிகாலையில் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் மக்கள்மீது பழிபோடுவது ஆட்சியாளர்களுக்கு எளிதாக இருந்தது. ஆனாலும் உடை விதிகள் ரத்தாயின. கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர்.

காக்கியின் தோற்றம் வடமேற்கு எல்லையில். 1846இல் ஹாரி லம்ஸ்டன் பெஷாவரில் திரட்டிய கைட்ஸ் படை, புழுதியோடு கலந்துவிடும் மங்கிய நிறத்துக்கு மாறியது. 1857 கிளர்ச்சியின்போது ஆங்கிலேய வீரர்களே தங்கள் வெள்ளை உடுப்பைத் தேநீரிலும் சேற்றிலும் தோய்த்துக்கொண்டார்கள். துவைத்தால் ஆளுக்கொரு நிறம். நிலையான சாயம் 1880களில்தான் கைகூடியது. 1897இல் வெளிநாடுகளிலிருந்த பிரிட்டிஷ் படை முழுவதற்கும் காக்கி வந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் ஜப்பானியருடன் போரிட்டபோது காக்கி தனித்துத் தெரிந்ததால் பச்சை வந்தது. விடுதலைக்குப் பின் ஆலிவ் பச்சை படையின் நிறமானது. காக்கி காவல்துறையோடு தங்கிவிட்டது.

1950இல் குடியரசானதும் தோள்பட்டையிலிருந்த பிரிட்டிஷ் மணிமுடி நீங்கி அசோகர் சிங்கங்கள் அமர்ந்தன. மேஜர் அணிவது அந்தச் சிங்கச் சின்னம் மட்டும். கேப்டனுக்கு மூன்று நட்சத்திரம்.

வழக்கங்களில் பல படைப்பிரிவோடு பிணைந்தவை. சீக்கியர்கள் இரண்டு உலகப் போர்களிலும் இரும்புத் தொப்பியை மறுத்துத் தலைப்பாகையுடனேயே போரிட்டார்கள். பாராசூட் படையினரின் அடையாளம் மெரூன் பெரே தொப்பி. சல்யூட்டிலும் வேறுபாடு உண்டு: தரைப்படையில் உள்ளங்கை எதிரிலிருப்பவருக்குத் தெரியும், கடற்படையில் கீழ்நோக்கும். கப்பல் கயிற்றின் தார் படிந்த கையை மறைக்கவே அப்படி என்பது வழிவழியாக வரும் கதை. 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரிகேடியரும் அவருக்கு மேற்பட்டவர்களும் தம் பழைய படைப்பிரிவின் தொப்பியையும் தோள்கயிற்றையும் விட்டு ஒரே சீருடை அணிகிறார்கள்.

2022 ஜனவரி 15 படை நாள் அணிவகுப்பில் புதிய போர் உடை அறிமுகமானது. தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய இதில் சட்டையைக் கால்சட்டைக்குள் செருகுவதில்லை. பழைய போர் உடையின் துணி கடைவீதியில் எவருக்கும் கிடைத்தது. அந்த நிலை தொடராதபடி புதிய வடிவமைப்பின் உரிமையைப் படை பதிவு செய்துகொண்டது.