விமானத்தில் 38 கி.மீ., சாலையில் 170 கி.மீ... நார்வேயின் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஏன் இவ்வளவு வித்தியாசம்?

நார்வேயின் வடகோடியில், ஃபின்மார்க் பகுதியில் எதிரெதிரே இருக்கும் கடலோர ஊர்கள் வாட்சோ, கிர்கெனஸ். இவற்றின் விமான நிலையங்களுக்கு இடையே நேர்கோட்டு தூரம் சுமார் 38 கி.மீ. மட்டுமே. ஆனால், காரில் போனால் சுமார் 170 கி.மீ. சுற்ற வேண்டும். ஏன் இப்படி?

நடுவில் இருப்பது என்ன?

வராங்கர் ஃபியோர்டு. நிலத்துக்குள் நீளமாகப் புகுந்திருக்கும் கடல் இது. இதன் குறுக்கே பாலம் கிடையாது. வாட்சோவில் கிளம்பும் வாகனம் மேற்கே வராங்கர்பொட்டன் வரை போய், கடல் முடியும் இடத்தில் திரும்பி, மறுகரை வழியாக கிர்கெனஸ் வர வேண்டும். இதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வான்வழி தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பூமி உருண்டை என்பதால், அதன் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய பாதையைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு டிகிரி அட்சரேகை என்பது சுமார் 111 கி.மீ. இந்த இரண்டு நிலையங்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. அட்சரேகையில் வித்தியாசம் 0.34 டிகிரி. இரண்டையும் பெருக்கினால் 38 கி.மீ. வந்துவிடும். விமானிகள் கணக்கில் சொன்னால் சுமார் 20 கடல் மைல்.

வரைபடத்தை நம்பலாமா?

கொஞ்சம் கவனம் தேவை. நாம் வழக்கமாகப் பார்க்கும் மெர்கேட்டர் வரைபடம் 70 டிகிரி வடக்கில் தூரங்களை கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டும். பூமத்திய ரேகையில் 111 கி.மீ. இருக்கும் ஒரு டிகிரி தீர்க்கரேகை, இங்கே வெறும் 38 கி.மீ.தான்!

இவ்வளவு குட்டி தூரத்துக்கு விமானமா?

ஆமாம். விடெரோ நிறுவனத்தின் சிறிய டேஷ்-8 விமானங்கள், நம்மூர் டவுன் பஸ் மாதிரி, கடலோர ஊர்களில் ஒவ்வொன்றாக இறங்கி ஏறிப் போகும். வாட்சோவில் இருப்பது குட்டி ஓடுபாதை என்பதால் பெரிய ஜெட் விமானங்கள் இங்கே இறங்க முடியாது. வானில் இருக்கும் நேரம் கால் மணி நேரம்தான். பயணிகள் குறைவு என்பதால் லாபம் பார்க்க முடியாத இத்தகைய வழித்தடங்களுக்கு நார்வே அரசு மானியம் தருகிறது.

அப்படியென்ன அவசியம்?

கிழக்கு ஃபின்மார்க்குக்கான மருத்துவமனை கிர்கெனஸில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் பனிப்புயல் அடித்தால் சாலையை மூடிவிடுவார்கள். அல்லது பனி அகற்றும் வண்டியின் பின்னால் வரிசையாகத்தான் வாகனங்களை அனுப்புவார்கள். பிரசவ வலியோ மாரடைப்போ வந்தவருக்கு 170 கி.மீ. என்பது ரொம்ப தூரம். அதனால்தான் ஆம்புலன்ஸ் விமானங்களும் கிர்கெனஸில் தயாராக நிற்கின்றன. ஆனால், புயல் பலமானால் விமானமும் பறக்காது என்பதுதான் சிக்கல்.

பயணத்துக்குத் திட்டமிடுவோர் இன்னொன்றையும் கவனிக்கணும். கிர்கெனஸ் விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 15 கி.மீ. தள்ளி இருக்கிறது. எனவே, 38 கி.மீ. என்பது நிலையத்திலிருந்து நிலையத்துக்குத்தான். வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு அல்ல.