எந்தப் பட்டியலிலும் இல்லாத இறந்தவர்களை எண்ணுவது எப்படி?

1/ ஒரு போர் முடிஞ்சதும் "எத்தனை பேர் இறந்தாங்க?"ன்னு கேட்டா அரசு ஒரு எண் சொல்லும், எதிர்த்தரப்பு இன்னொண்ணு சொல்லும். யார்கிட்டயும் புகார் கொடுக்க முடியாம, எந்தப் பதிவேட்டிலும் ஏறாம புதைக்கப்பட்டவங்களை யார் எண்ணுறது? அதுக்கு ஒரு வழி இருக்கு. அதன் ஒரு முக்கிய வேர் நம்ம நாட்டுல இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா வாங்க.

2/ மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர்னு ஒரு சின்ன நாடு. 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். சுமார் 75,000 பேர் இறந்ததா பொதுவா சொல்லப்படுது. அங்க அரசு சாராத மனித உரிமை ஆணையம் ஒண்ணு இருந்தது. பாதிக்கப்பட்டவங்க சொல்றதைக் கேட்டு எழுதி வைப்பது அவங்க வேலை.

3/ அதன் தலைவர் மரியனெல்லா கார்சியா வியாஸ் 1983-ல் கொல்லப்பட்டார். அடுத்து பொறுப்பில் இருந்த எர்பெர்ட் அனாயா 1987-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனாலும் சாட்சியங்களை எழுதுவதை அந்த அமைப்பு நிறுத்தலை.

4/ 1991-ல் பாட்ரிக் பால் என்கிற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர் தன்னார்வலரா அங்க போறார். மிரட்டலுக்கு ஆளான செயற்பாட்டாளர்கள் கூடவே இருந்து பாதுகாப்புக் கொடுக்கிற அமைப்பின் சார்பில் போனவர். அவருக்கு டேட்டாபேஸ் எழுதத் தெரியும். அதுதான் அங்க பெரிய உதவியா மாறிச்சு.

5/ ஆயிரக்கணக்கான சாட்சியங்கள் காகிதமா கிடந்தது. அதை ஒரு அட்டவணை ஆக்கினாங்க: யாருக்கு, எப்போ, எங்க, எந்தப் படைப்பிரிவு என்ன செஞ்சது. இரண்டாவது அட்டவணை: எந்த அதிகாரி எந்தப் பிரிவுக்கு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை தலைமை தாங்கினார். இரண்டையும் இணைச்சா ஒவ்வொரு அதிகாரி பேருக்கு நேராகவும் ஒரு பட்டியல் வந்து நிக்கும்.

6/ கேக்க எளிமையா இருக்கும். செய்யறவங்களுக்குத்தான் தெரியும். நம்ம ஊர்ல டெங்கு லைன் லிஸ்ட் போட்டுப் பாருங்க. "செ. முருகன், 45", "முருகன் செ., 47", "முருகேசன், 45". ஒரே ஆளா, மூணு பேரா? தப்பா சேர்த்தா ஒரு உயிர் காணாமப் போகும். சேர்க்காம விட்டா ஒரே ஆள் மூணு தடவை இறந்திருப்பார். மனித உரிமை டேட்டா அனலிஸ்ட் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

7/ சரி, பட்டியலைச் சுத்தம் பண்ணியாச்சு. ஆனா பட்டியலிலேயே வராதவங்க? இதுக்குத்தான் கல்கத்தா பக்கம் போகணும். நானோ கார் தொழிற்சாலைப் பிரச்சினையில் சிங்கூர்னு பேர் கேட்டிருப்பீங்களே, அதே ஊர். 1940-களில் அங்க ஒரு சுகாதார மையம் இருந்தது. அந்த வட்டாரத்தில் பிறப்பு இறப்புப் பதிவு ஒழுங்கா நடக்குதான்னு சோதிக்கணும்.

8/ கைல இரண்டு பட்டியல். ஒண்ணு அரசுப் பதிவாளருடையது. இன்னொண்ணு வீடு வீடா போய் விசாரிச்சு எழுதினது. இந்தியப் புள்ளியியலாளர் சந்திரசேகரனும் அமெரிக்காவின் டெமிங்கும் (பின்னாளில் ஜப்பான் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டால் புகழ்பெற்றவரே) 1949-ல் ஒரு கட்டுரை எழுதினாங்க. இரண்டு பட்டியலிலும் பொதுவா இருக்கிற பேர்களை வச்சு, இரண்டிலும் விட்டுப்போனது எத்தனைன்னு கணக்கிடலாம் என்பது அதன் சாரம்.

9/ குளத்து மீனை வச்சுப் புரிஞ்சுக்கலாம். 100 மீன் பிடிச்சு அடையாளம் போட்டு விடுறீங்க. மறுநாள் திரும்ப 100 பிடிக்கிறீங்க. அதுல 20-ல அடையாளம் இருக்கு. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அப்போ நேத்து பிடிச்ச 100 என்பது குளத்து மீன்களில் ஐந்தில் ஒரு பங்கு. மொத்தம் சுமார் 500. பொதுவான பேர் அதிகமா இருந்தா விட்டுப்போனது கம்மி. பொதுவான பேர் குறைவா இருந்தா விட்டுப்போனது ஏராளம்.

10/ இப்போ பெரு. 1980 முதல் 2000 வரை 'ஒளிரும் பாதை' கிளர்ச்சியாளர்களுக்கும் அரசுப் படைகளுக்கும் நடுவே மலைக்கிராம மக்கள் சிக்கிக்கிட்டாங்க. 2001-ல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைஞ்சது. சுமார் 17,000 சாட்சியங்கள் வாங்கினாங்க. பேரோட பதிவான இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் கிட்டத்தட்ட 24,000.

11/ பாலின் குழு, ஆணையத்தின் பட்டியலையும், அரசின் மக்கள் குறைதீர்ப்பு அலுவலகப் பட்டியலையும், மனித உரிமை அமைப்புகளின் பட்டியல்களையும் ஒப்பிட்டது. மதிப்பீடு 69,280. குறைந்தபட்சம் 61,007, அதிகபட்சம் 77,552. அதுவரை பேசப்பட்டதைப் போல சுமார் இரண்டு மடங்கு.

12/ ஆணையத்திடம் பதிவானவங்களில் நான்கில் மூணு பேருக்குத் தாய்மொழி கெச்சுவா போன்ற பழங்குடி மொழி. தலைநகர் லிமாவில் ஸ்பானிஷ் பேசுறவங்க மத்தியில் இத்தனை ஆயிரம் பேர் குறைஞ்சிருந்தா தெரியாமப் போயிருக்குமா? இவங்க குறைஞ்சது தெரியலை. ஒரு பட்டியல் யார் செத்தாங்கன்னு மட்டும் சொல்றதில்லை, யாரால பதிவு அலுவலகம் வரை போக முடிஞ்சதுன்னும் சொல்லுது.

13/ அடுத்து குவாத்தமாலா. 1982-83-ல் ஆட்சி செய்த ராணுவத் தலைவர் ரியோஸ் மோன்ட் மேல 2013-ல் இனப்படுகொலை வழக்கு. பால் சாட்சிக் கூண்டில் ஏறினார். 1982 ஏப்ரல் முதல் 1983 ஜூலை வரை இக்சில் பகுதியில் பழங்குடியினரில் சுமார் 5.5% பேரை ராணுவம் கொன்றது. அதே பகுதியில் பழங்குடி அல்லாதவரில் 0.7%. கிட்டத்தட்ட 8 மடங்கு.

14/ மருத்துவம் படிச்சவங்களுக்கு இது பழக்கமான கணக்கு. புகைபிடிக்கிறவருக்கும் பிடிக்காதவருக்கும் புற்றுநோய் அபாயத்தை இப்படித்தான் ஒப்பிடுவோம். "போர்னா ரெண்டு பக்கமும் சாவு இருக்கும்" என்கிற வாதத்துக்கு இந்த விகிதம் இடம் கொடுக்கலை. 2013 மே 10-ல் 80 ஆண்டு சிறைத்தண்டனை. பத்தே நாளில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செஞ்சது. மறுவிசாரணை முடியும் முன்னே 2018-ல் அவர் இறந்துட்டார்.

15/ இந்த முறைக்கு எல்லை உண்டு. முதல் தடவை வலையில் விழுந்த மீன் இரண்டாவது தடவை உஷாராகலாம். ஒரு அமைப்புக்குப் புகார் சொன்னவர் இன்னொரு அமைப்புக்கும் போயிருக்கலாம், இல்ல ரெண்டுக்கும் பயந்திருக்கலாம். அதனாலதான் இரண்டோட நிறுத்தாம மூணு, நாலு பட்டியல் தேடுறாங்க. பெருவின் எண்ணையே 2019-ல் ஒரு பொருளாதார ஆய்வாளர் மறுத்து, சுமார் 48,000 தான்னு எழுதினார். பால் தரப்பு பதில் எழுதியது. தரவும் முறையும் வெளிப்படையா இருந்ததாலதான் அந்தச் சண்டையே சாத்தியமாச்சு.

16/ இன்னொண்ணு. 69,280 என்கிற எண் எந்த அம்மாவுக்கும் மகனோட எலும்பைத் தேடிக் கொடுக்காது. காணாமல் போனவங்களைத் தேட பெருவில் தனிச் சட்டம் வந்ததே 2016-ல்தான். மதிப்பீடு ஒரு வேலை, தேடல் வேற வேலை. ஆனா "இவ்ளோதான், தேடி முடிச்சாச்சு"ன்னு கோப்பை மூட விடாம வச்சது அந்த எண்.

17/ உங்கள்ல நிறைய பேருக்கு எக்ஸெல் தெரியும், புரோகிராமிங் தெரியும். சட்ட உதவி அமைப்புகள், மனித உரிமை அமைப்புகள்கிட்ட காகிதக் கட்டுகள் இன்னமும் கிடக்கு. வாரம் ரெண்டு மணி நேரம் கொடுக்க முடிஞ்சா கேட்டுப் பாருங்க. மூணு விதி மட்டும்: மூலப் பதிவை அழிச்சு எழுதாதீங்க. ஒவ்வொரு வரிக்கும் யார் சொன்னது, எப்போன்னு குறிச்சு வைங்க. சாட்சி சொன்னவங்க பேரை உங்க உயிர் மாதிரி காப்பாத்துங்க.

அந்த ரெண்டு முருகனும் ஒரு முருகேசனும் ஒரே ஆளான்னு உட்கார்ந்து பார்க்க ஆள் வேணும்.