தனுஷ்கோடியில் ஒரு முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்

இந்தக் கட்டுரைக்குக் காரணம் ஒரு ஜோடி சங்கு வளையல். 2025 மார்ச் மாதம் நடந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் ராமநாதபுரத்தில் மகள் வீட்டோடு இருக்கிறேன் என்பது தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். காலை நடைக்கு என்னோடு வருபவர் கீழக்கரை பாய். என்னைவிட நாலைந்து வயது இளையவர். காரைக்காலிலிருந்து எனக்கு விருந்தாளிகள் வந்தால் அவரையும் சேர்த்துக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போவது வழக்கம். அன்றைக்கு விருந்தாளிகளை அரிச்சல்முனைக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் இடிந்த தேவாலயத்துப் பக்கம் ஒரு ஓலைக் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். வயதானால் அலையைவிட நிழல் பிடிக்கிறது.

பக்கத்து பெஞ்சில் ஒரு வங்காளத் தம்பதி. ராமேஸ்வரத்துக்கு யாத்திரை வந்தவர்கள். அந்த அம்மாள் கையில் வெள்ளை வெளேரென்று சங்கு வளையல்.

"சார், அந்தம்மா கையப் பாருங்க. நம்ம கடல் சங்கா இருந்தாலும் இருக்கும்" என்றார் பாய்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில் எடுக்கிற சங்கு பல தலைமுறைகளாக வங்காளத்துக்குப் போயிருக்கிறது. அங்கே மணமான பெண்களுக்கு நமது தாலி எப்படியோ அப்படி அந்த வளையல். கீழக்கரை வணிகர்களுக்குக் கல்கத்தாவோடு தொடர்பு ஏற்பட்டது இந்தச் சங்கால்தான். பாயின் தகப்பனாரும் பதினாறு வயதில் கல்கத்தாவுக்குப் போய், ஒரு சங்குக் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர்.

நான் அந்தப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எனக்கு இந்தி வராது. என் ஆங்கிலமும் கோப்புகளில் குறிப்பு எழுதிப் பழகிய ஆங்கிலம். சொந்த ஊர் காரைக்கால் என்று சொன்னதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பார்லே வூ ஃப்ரான்சே?" என்றார். அவர் சந்திரநாகூர்க்காரர்! புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் போல அதுவும் பிரெஞ்சு ஊர்தான். எங்களுக்கு முன்பே, 1950-லேயே இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. பள்ளியில் பிரெஞ்சு படித்தவராம். என் வயதுதான். இரண்டு பேரும் சின்ன வயதில் படித்த பாஷையைத் தூசி தட்டி எடுத்தோம்.

காரைக்காலில் என்ன விளையாடுவீர்கள் என்று கேட்டார். கால்பந்துதான் என்றேன். எங்கள் பள்ளியில் கோல்கீப்பரை 'கார்தியன்' என்றும், நடுவரை 'அர்பித்ர்' என்றும் சொல்லித்தான் பழக்கம். அதைக் கேட்டுச் சிரித்தவர், தான் மோகன் பகான் கட்சி என்றார். இதை நான் தமிழில் சொன்னதும் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்படியா? நம்ம முகமதன் ஸ்போர்ட்டிங்னு சொல்லுங்க சார்."

அதன் பிறகு ஒரு மணி நேரம் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. இந்தப் பக்கத்து மனுவை அந்தப் பக்கம் நகலெடுத்துக் கொடுப்பது குமாஸ்தாவுக்குப் புதிதல்ல.

கால்பந்து தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. கல்கத்தா லீக் 1898-ல் தொடங்கியது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் முதல் டிவிஷன் கோப்பை வெள்ளைக்காரர்களின் கையிலேயே இருந்தது. பட்டாளத்து அணிகள் அல்லது துரைமார் கிளப்புகள். மோகன் பகான் 1911-ல் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கியது பெரிய சரித்திரம். ஆனால் ஷீல்டு சில ஆட்டங்களில் முடிந்துவிடும். லீக் என்பது பருவம் முழுக்க ஓட வேண்டிய ஓட்டம். அதை முதலில் வென்ற இந்திய அணி முகமதன் ஸ்போர்ட்டிங். 1933-ல் இரண்டாம் டிவிஷனில் ஜெயித்து மேலே வந்தவர்கள், 1934-ல் முதல் டிவிஷனையே பிடித்துவிட்டார்கள். அதோடு விடவில்லை. 1938 வரை வரிசையாக ஐந்து வருஷம். 1939-ல் மட்டும் மோகன் பகான். 1940, 1941 மறுபடி இவர்கள். எட்டு வருஷத்தில் ஏழு முறை! 1940 டிசம்பரில் டெல்லியில் ராயல் வார்விக்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று தோற்கடித்து டுராண்ட் கோப்பையையும் எடுத்தார்கள். அதுவரை அந்தக் கோப்பையை எந்த இந்திய கிளப்பும் தொட்டதில்லை.

எப்படி முடிந்தது? பாய்க்கு இது மனப்பாடம். "எங்க வாப்பா சொல்லுவாக. கல்கத்தால ஆட்டம் நடக்குறதே மழைக்காலத்துல. மத்த நம்ம ஆளுக வெறுங்கால்ல சேத்துல வழுக்கி விழுவாக. முகமதன்காரவுக ஈரத் தரையில பூட்ஸ் போட்டு ஆடுனாக."

சந்திரநாகூர்க்காரர் ஒப்புக்கொண்டார். ஆனால் பூட்ஸ் மட்டும் இல்லை என்றார். மற்ற கிளப்புகள் வங்காளத்துப் பையன்களை வைத்தே காலத்தை ஓட்டியபோது, இவர்கள் பெங்களூரிலிருந்தும் வடமேற்கு எல்லைப் பக்கத்திலிருந்தும் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். "நாடு முழுக்க சலித்து எடுத்தார்கள். எங்களுக்கு அந்த யோசனையே தோன்றவில்லை" என்றார்.

அந்த அணியில் ஆடிய முகமது சலீம் 1936-ல் ஸ்காட்லாந்துக்குப் போய், புகழ்பெற்ற செல்டிக் கிளப்புக்காகப் பாதத்தில் துணி சுற்றிக்கொண்டு ஆடிக் காட்டினார். பூட்ஸால் பேர் வாங்கிய கிளப்பின் ஆள் பூட்ஸ் இல்லாமல் ஆடி வெள்ளைக்காரரை அசத்தியதை நினைத்து மூவரும் சிரித்தோம்.

பிறகு பேச்சு சரிவுக்கு வந்தது.

பாயின் கதை இது. அவருடைய வாப்பா 1946 ஆகஸ்ட் கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர். அந்த மாதமே கிட்டங்கியை விட்டுவிட்டுக் கீழக்கரைக்கு வந்தார். திரும்பிப் போகவே இல்லை. "அதோட முகமதனும் முடிஞ்சுபோச்சு. ஆட்டக்காரங்க, பணம் போட்ட பெரிய மனுசங்க எல்லாரும் டாக்கா, கராச்சின்னு போயிட்டாக. அங்க இப்ப டீமும் இல்ல, ஆளும் இல்லம்பாக." கல்கத்தா சேதி பேப்பரில் வந்தால் வாப்பா பக்கத்தைத் திருப்பிவிடுவாராம். 1979-ல் மவுத் ஆகும் வரை அப்படித்தான். மகன் கைபேசியில் பந்தாட்டம் பார்க்கத் தொடங்கியது சமீபத்தில். ஆகவே பாயின் கணக்கில் கிளப்பின் வரலாறு 1941-ல் நின்று 2021-ல் மறுபடி தொடங்குகிறது.

இதை நான் பிரெஞ்சில் சொன்னேன். பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "பிரிவினையால் பெரிய இழப்புதான். ஆனால் 1948-ல் லீக் அவர்களுடையது" என்றார்.

"எந்த வருஷம்?" என்றார் பாய். சொன்னேன். "நாப்பத்தெட்டா?" என்று மறுபடி கேட்டார். பிரிவினை நடந்து அடுத்த வருஷம்!

பெரியவர் விரல் விட்டு எண்ணினார். 1948, 1957, 1967, 1981. அதற்குப் பிறகும் 1983, 1984 இரண்டு முறை ஃபெடரேஷன் கோப்பை. 1967-ல் அவருக்குப் பதினேழு வயது. தையற்காரர்களும் துறைமுகத் தொழிலாளிகளும் மைதானத்தில் ஆடிய ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது என்றார்.

பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. "வாப்பாவுக்குத் தெரியாமலே போச்சே" என்றார் கடைசியில். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அப்படியானால் எது கவிழ்த்தது? பெரியவர் தன் கிளப்பையே உதாரணம் காட்டினார். எழுபதுகளில் ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து ஆறு வருஷம் லீக் வென்று முகமதனின் பழைய சாதனையை முறியடித்தது. 1975 ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகானுக்கு ஐந்து கோல் போட்டது. அன்று இரவு அவர் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லையாம். ஆனால் மறு வருஷமே, ஈஸ்ட் பெங்காலை வளர்த்த பயிற்சியாளர் பி.கே. பானர்ஜியையே மோகன் பகான் அழைத்துக்கொண்டது. ஹைதராபாத் சகோதரர்கள் ஹபீபும் அக்பரும் வந்தார்கள். 1976 லீக் கிடைத்தது. 1977-ல் பெலே ஆடிய காஸ்மாஸ் அணியோடு 2-2 சமன்.

"கவனியுங்கள், ஹபீபும் அக்பரும்" என்றார். முப்பதுகளில் அப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்றால் போய்ச் சேருகிற இடம் முகமதன்தான். எழுபதுகளில் மூன்று கிளப்பும் அவர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தன. அது நல்ல விஷயம். ஆனால் நாடு முழுக்க சலித்தெடுக்கும் பழைய வித்தையை மற்ற இருவரும் கற்றுக்கொண்ட பிறகு, முகமதனிடம் புதிதாக ஒன்றும் இல்லை. பணம் போடும் ஆட்கள் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் பாசம் மட்டும் உள்ள ஏழை ரசிகர்கள். விழுந்தபோது எடுத்துக் கட்ட ஆள் இல்லை. 1981-க்குப் பிறகு அடுத்த லீக்குக்கு நாற்பது வருஷம் ஆனது.

பாய் ஒன்று கேட்கச் சொன்னார். "நாங்க விழுந்தப்ப உங்களுக்குச் சந்தோசமா இருந்துச்சான்னு கேளுங்க."

எனக்குச் சங்கடமாக இருந்தது. கேட்டேன். பெரியவர் மழுப்பவில்லை. "இருபது வயதில் சந்தோஷம்தான். நாற்பது வயதில், அவர்களோடு ஆட்டம் என்றால் மைதானத்துக்குப் போவதையே விட்டுவிட்டேன். சுலபமாக ஜெயிப்போம், எதற்குப் போக வேண்டும் என்று. இரண்டில் எது பெரிய தப்பு என்று இன்றைக்கு யோசித்தால் இரண்டாவதுதான்."

இதை வார்த்தை மாறாமல் தமிழில் சொன்னேன். பாய் எழுந்து போய் மூன்று டீயும், அந்த அம்மாளுக்குப் பால் அதிகமாக ஒன்றும் வாங்கி வந்தார்.

அவர்கள் வண்டி புறப்பட்ட பிறகு நான் எதிரே நின்ற தேவாலயச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தனுஷ்கோடியைப் புயல் அழித்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு கடல் ஏறி வந்து ரயிலையும் ஊரையும் கொண்டுபோனது உண்மை. அதே புயல் பாம்பன் ரயில் பாலத்தையும் உடைத்தது. ஆனால் அதைச் சரிசெய்யும் பொறுப்பை ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியரிடம் கொடுத்தார்கள். நாற்பத்தாறே நாளில் ரயில் ஓடியது. தலைமன்னார் கப்பலும் ராமேஸ்வரத்திலிருந்து மறுபடி புறப்பட்டது. பாலம் தேவைப்பட்டது, ராமேஸ்வரம் தேவைப்பட்டது, ஆகவே கட்டினார்கள். தனுஷ்கோடி குடியிருக்க லாயக்கில்லாத இடம் என்று கோப்பில் எழுதி மூடினார்கள். அந்த முடிவு தப்பு என்று நான் சொல்லவில்லை. கடலின் ஓரத்தில் இந்த மணல் திட்டைப் பார்த்தால் சரி என்றே தோன்றுகிறது. ஆனால் ஊர் முடிந்தது புயலடித்த ராத்திரியில் மட்டும் அல்ல, அதற்குப் பிறகு ஏதோ ஒரு மேஜையிலும்தான். வாழ்நாள் முழுக்க அப்படிப்பட்ட மேஜைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

முகமதன் ஸ்போர்ட்டிங்கும் அப்படித்தான். பிரிவினை அதற்கு அடித்த புயல். அதைத் தாண்டி அடுத்த வருஷமே எழுந்து ஜெயித்த கிளப், யாரும் எடுத்துக் கட்டாத அமைதியான வருஷங்களில் மெல்லத் தேய்ந்தது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு மட்டும், தாங்கள் கிளம்பிய நாளில் எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். பாயின் வாப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். காரைக்காலில் 1962-ஓடு உலகம் முடிந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற சொல்தாக்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

2021, 2022, 2023 என்று மூன்று வருஷம் கல்கத்தா லீக் மறுபடி முகமதனுக்கு வந்தது. 2024-ல் ஐ-லீக் கோப்பையும் வாங்கி, பெரியவர்கள் ஆடும் ஐ.எஸ்.எல். போட்டிக்குள் நுழைந்தார்கள். முதல் பருவம் அப்போதுதான் முடிந்திருந்தது. முதலிடம் மோகன் பகானுக்கு. முகமதன் பட்டியலில் கடைசி.

மாலையில் பாம்பன் சாலைப் பாலத்தில் வரும்போது, பழைய ரயில் பாலமும் திறப்புக்குக் காத்திருந்த புதுப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. பாய் கைபேசியில் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசி இடம் என்று நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"கடைசின்னா என்ன சார்? பட்டியல்ல பேரு இருக்குல்ல" என்றார்.