25 சதத்து மணமகள்

கல்கரியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது எங்களைப் பான்ஃப் நகருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரொக்கி மலைகளின் நடுவே, போ ஆறும் ஸ்பிறே ஆறும் சேருமிடத்தில், கோட்டை மாதிரி ஒரு ஹோட்டல் நிற்கிறது. பான்ஃப் ஸ்பிறிங்ஸ் ஹோட்டல். தங்குவதற்கு எங்களிடம் வசதி இல்லை, கோப்பி குடிப்பதற்கு இருந்தது. குடித்துவிட்டு எழும்பும்போது மருமகள், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, ஒரு படிக்கட்டைக் காட்டிச் சொன்னாள்:

"மாமா, அதிலதான் பேய் இருக்கு."

கதை இதுதான். 1920களிலோ 1930களிலோ ஒரு மணமகள் கலியாண உடுப்போடு அந்தப் பளிங்குப் படிகளில் இறங்கி வந்தாள். படியோரம் வரிசையாக மெழுகுதிரிகள். நீண்ட வெள்ளைச் சட்டையில் தீப்பிடித்துக்கொண்டது. பதறியதில் கால் தடுக்கி விழுந்து கழுத்து முறிந்து செத்துப்போனாள். இன்றைக்கும் சில இரவுகளில் நடன மண்டபத்தில் தனியே ஆடுகிறாளாம்.

"அவளின்ரை பெயர் என்ன?" என்று கேட்டேன். மருமகளுக்குத் தெரியவில்லை. இந்தக் கதையைச் சொன்ன வேறு எவரும் ஒரு பெயரையோ திகதியையோ எனக்குச் சொன்னதில்லை. ஆனாலும் அவள் சாதாரணப் பேய் அல்ல. 2014இல் கனடாத் தபால் திணைக்களம் அவளுக்கு முத்திரை வெளியிட்டது. அதே ஆண்டு கனடா நாணயச் சாலை, சரித்துப் பார்த்தால் படம் மாறுகிற ஒரு நாணயத்தில் அவளைப் பதித்தது. முகப்பெறுமதி 25 சதம்.

மணமகள் மட்டுமல்ல. சாம் மக்கோலி என்ற ஸ்கொட்லாந்துக்காரர் நெடுங்காலம் இங்கே பெட்டி சுமக்கும் பணியாளராக இருந்தவர். 1970களில் இறந்தார். செத்தாலும் திரும்பி வருவேன் என்று சொல்லி வைத்திருந்தாராம். திறப்பை அறைக்குள் விட்டுவிட்டு வெளியே நிற்கும் விருந்தாளிகளுக்குப் பழைய சீருடையில் ஒரு கிழவர் வந்து கதவைத் திறந்துவிட்டுப் போவதாகக் கதை. செத்த பிறகும் சம்பளமில்லாமல் வேலை செய்கிற தொழிலாளி! எந்த முதலாளிக்கும் பிடித்த பேய்தான். 873ஆம் இலக்க அறையில் ஒரு குடும்பமே கொலையுண்டது, அதனால் கதவை அடைத்துச் சுவராக்கிவிட்டார்கள், கண்ணாடியில் ஒரு குழந்தையின் விரல் அடையாளம் எத்தனை தரம் துடைத்தாலும் திரும்ப வரும் என்பது இன்னொன்று. இதை ஹோட்டல் ஒப்புக்கொள்வதில்லை.

இந்த ஹோட்டலைக் கட்டியது கனேடியன் பசிபிக் றெயில்வே. 1885 நவம்பரில் பாதை முடிந்தது. மலைகளுக்கு நடுவே ஓடும் றெயிலில் ஏறுவதற்கு ஆட்கள் வேண்டும். காட்சியை ஏற்றுமதி செய்ய முடியாது, ஆகவே பார்ப்பவர்களை இறக்குமதி செய்வோம் என்பதுதான் கம்பனியின் வில்லியம் வான் ஹோர்ணுடைய கணக்கு. வெந்நீரூற்றுகள் இருந்த இடத்தில் புரூஸ் பிறைஸ் வரைந்த மரக் கட்டடம் 1888 யூன் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. கட்டும்போது திசை மாறிவிட்டதாம். வான் ஹோர்ண் வந்து பார்த்தால், ஆற்றைப் பார்க்கும் அருமையான பக்கம் சமையலறைக்குப் போய்விட்டிருந்தது. யன்னலில்லாத சமையலறைகளில் கோப்பை கழுவியவன் என்ற முறையில் எனக்கு இந்த ஹோட்டலின் சரித்திரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 1926இல் தீ ஒரு பகுதியைத் தின்றது. 1928 அளவில் இப்போதுள்ள கல் மாளிகை முழுமையடைந்தது.

எங்கள் ஊர்ப் பேய்களை நினைத்துப் பார்த்தேன். கிணற்றில் விழுந்தவள், பனையால் விழுந்தவர், அடித்துக் கொல்லப்பட்டுப் புளியமரத்தடியில் கிடந்தவர். பெரும்பாலும் ஏழைகள், அநியாயமாகப் போனவர்கள். பேயாக வந்துதான் அவர்கள் தங்கள் முறைப்பாட்டைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் பான்ஃபில் மணமகளுக்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை நின்றிருக்க வேண்டும்.

பிரிட்டிஷ் கொலம்பியாப் பக்கத்தில் இதே றெயில் பாதைக்கு மலை உடைத்த சீனத் தொழிலாளர்களில் குறைந்தது 600 பேர் செத்தார்கள். பாதை முடிந்த அதே 1885இல் உள்ளே வரும் சீனர்களுக்குத் தலைவரி 50 டொலர். 1903இல் அது 500 டொலரானது. வெந்நீரூற்றை முன்பே அறிந்திருந்த ஸ்ரோனி நக்கோடா மக்களோ, பூங்கா உருவான பிறகு தங்கள் வேட்டை நிலத்திலிருந்து ஒதுக்கப்பட்டார்கள். ஒருமுறை வெள்ளத்தில் றெயில் பாதை உடைந்து விருந்தாளிகள் பொழுதுபோகாமல் தவித்தபோது, ஆடிப்பாடிக் காட்ட அவர்களை அழைத்தார்களாம். அது வருடாந்தக் கொண்டாட்டமாகி 1978 வரை நடந்தது. வசிக்க விடமாட்டோம், ஆட வரலாம்.

மூன்றாவது கூட்டம்தான் என்னை அதிகம் உலுக்கியது. 1914இல் யுத்தம் தொடங்கியதும், ஒஸ்ரிய-ஹங்கேரியப் பேரரசின் பிரசைகளாக இருந்தவர்கள் கனடாவில் எதிரி அந்நியர் ஆனார்கள். அவர்களில் பெரும்பாலோர் உக்ரேனியர்கள். அந்தப் பேரரசின் வறுமையை விட்டு இங்கே நிலம் தேடி வந்தவர்கள். விட்டு வந்த அரசின் பெயரிலேயே பிடிபட்டார்கள். சுமார் 80,000 பேர் பொலிஸில் பதிந்து, அட்டை வைத்திருக்க வேண்டியிருந்தது. (கொழும்பு லொட்ஜ்களில் இருந்து வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) 8,579 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். முகாம்களில் 107 பேர் இறந்தார்கள்.

அந்த முகாம்களில் ஒன்று 1915 யூலையில் பான்ஃபுக்கு மேற்கே காசில் மலையடிவாரத்தில் திறக்கப்பட்டது. முட்கம்பிக்குள் கூடாரங்கள். குளிர்காலத்தில் கூடாரம் தாங்காது என்று கைதிகளைப் பான்ஃபுக்கே கொண்டுவந்து, வெந்நீர்க் குகைக்குப் பக்கத்தில் அடைத்தார்கள். ஹோட்டலிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். பாதை வெட்டினார்கள், மரம் தறித்தார்கள், 1917 குளிர்காலத் திருவிழாவுக்குப் பனிக்கட்டியில் மாளிகைகூடக் கட்டினார்கள். அந்த ஆண்டே முகாம் மூடப்பட்டது. முகாம்கள் பற்றிய அரச ஆவணங்களில் பெரும்பகுதி 1950களில் அழிக்கப்பட்டது.

அவர்களுக்குக் கொடுத்த நாட்கூலி 25 சதம்.

இதைத் தங்கச்சி வீட்டில் சொன்னபோது யாரும் ஒன்றும் பேசவில்லை. மச்சான் மட்டும், "அப்ப ஒரு நாள் கூலிக்கு ஒரு பேய்க்காசு" என்றார். அதுவும் சரியில்லை. சேகரிப்பவர்களுக்காக அடித்த நாணயம் அது. விலை முகப்பெறுமதியைவிடப் பல மடங்கு.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 1995இல் காசில் மலையடியில் ஒரு கைதியின் சிலையை வைத்தார்கள். 'ஏன்?' என்பதுதான் அதன் பெயர். 2013இல் குகைக்குப் பக்கத்தில் முகாம்களைப் பற்றி ஒரு கண்காட்சிக் கூடமும் திறந்தார்கள்.

நாங்கள் போன அன்று, சிலையைப் பற்றி எனக்குத் தெரியாது. லேக் லூயிஸ் ஏரியைப் பொழுதுபட முன்னம் பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் அவசரப்படுத்தினார்கள். மச்சான் நெடுஞ்சாலையை விட்டுப் பழைய பாதையால் காரை விட்டார். அழகான பாதை, மான்கள் தெரியும் என்றார். கைதிகள் வெட்டத் தொடங்கிய பாதை அதுதான். காசில் மலையைக் கடக்கும்போது மருமகள் பின் இருக்கையில் நித்திரையாகிவிட்டாள்.